சாய்ந்த உடலும் சரிந்த நிலமும்: பாரிசவாதத்தின் பின் உடற்சமநிலை மீட்பும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

மலையகத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடியேற்றம், கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின் இவை யாவற்றுக்கும் அடிப்படையாய் அமைந்த தொழிலாளியின் உடல் பற்றிய ஆய்வு ஒப்பீட்டளவிற் குறைவே. உடல் பேசப்படும் இடங்களிலும் உழைக்கும் உடலே பேசப்படுகின்றது. உழைத்துத் தளர்ந்து, ஒருநாள் ஒருபுறம் செயலிழந்து, லயத்து இஸ்தோப்பில் சுவரோடு சாய்த்து உட்காரவைக்கப்பட்ட உடலுக்கு வரலாற்றேடுகளில் இடமில்லை. மலையகத்தை அறிந்தோர்க்கு அக்காட்சி புதிதன்று.

பாரிசவாதத்தால் வீழ்ந்த ஒருவரை மீண்டும் நிமிர்ந்து உட்காரவும், நிலைதளராது எழுந்து நிற்கவும் பயிற்றுகின்ற முறைகள் எச்சூழலில் தோன்றின, எவர்பொருட்டு வளர்க்கப்பட்டன, பதுளை மாவட்டத்துத் தோட்டங்களை அவை ஏன் அரிதாகவே எட்டின என்பனவே நாம் இங்கு எழுப்பும் வினாக்கள். மருத்துவ நூலொன்றை எழுதுவது எமது நோக்கமன்று. மருத்துவமும் சமூக உறவுகளின் உள்ளிருந்தே பிறக்கின்றது என்ற எடுகோளை ஒரு குறிப்பிட்ட நிலத்தில் வைத்து நோக்குவதே நோக்கம்.

முதலிற் பெயர். தமிழகத்தார் பக்கவாதம் என்பதை ஈழத்தில் நாம் பாரிசவாதம் என்கின்றோம். பாரிசம் என்பதும் பக்கமே. வாதம் என்பது வளி. உடலின் இயக்கத்தை வளியின் தொழிலாகக் கண்ட சித்த மருத்துவ மரபு, இந்நோயை வளி நோய்களுள் ஒன்றாக வகுத்து, எண்ணெயையும் தொக்கணத்தையும் அதற்குரிய புற மருத்துவமாகக் கொண்டது. ஆங்கிலப் பெயர் அடி விழுதலைக் குறிக்கும். கிரேக்க மருத்துவர் வழங்கிய பழம்பெயரும் அடித்து வீழ்த்தப்படுதலையே குறித்தது. ‘முனி அடித்துவிட்டது’ என்று தோட்டத்து மக்கள் கூறுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவோர், ஐரோப்பிய மருத்துவத்தின் கலைச்சொல்லிலும் அதே உருவகம் உறைந்து கிடப்பதைக் கவனிப்பதில்லை. காலையிற் பிரட்டுக்குச் சென்றவர் உச்சிவேளையில் மலையில் விழுந்து கிடக்கின்றார். காணாத ஒருவன் அடித்தான் என்பதன்றி வேறு விளக்கம் கைக்கெட்டாத இடத்தில் அவ்விளக்கமே நிற்கும். இரத்த அழுத்தத்தை ஒழுங்காக அளந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் முனியின் ஆட்சி தானே சுருங்கும்.

நோயின் தன்மை பற்றிச் சிறிது கூறவேண்டும். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி சிதைவுறும்போது எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் செயலிழக்கின்றன. பிறர் கண்ணுக்குப் புலப்படுவதும் கையும் காலுமே. உறவினர் வருந்துவதும் அவற்றுக்காகவே. உடலின் நடுப்பகுதி, அதாவது கழுத்துக்குக் கீழே இடுப்பு வரையுள்ள உடற்பகுதி, பாதிக்கப்பட்டிருப்பது எளிதில் தெரிவதில்லை. அப்பகுதியின் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் நரம்புத் தொடர்பு உண்டு ஆதலால் அவை முற்றாகச் செயலிழப்பதில்லை. எனினும் வலுக்குன்றுகின்றன, உரிய வேளையில் உரிய அளவில் இயங்கத் தவறுகின்றன. விளைவு யாதெனில், படுக்கையிற் புரள முடியாது. கட்டிலோரத்தில் உட்காரவைத்தால் ஒருபுறம் சரிவார். சோற்றுக்கோப்பையை எடுக்கக் கை நீட்டினால் கவிழ்வார். தொடக்க வாரங்களில் ஒருவர் தம் உடலின் நடுப்பகுதியை எவ்வளவு ஆளுகின்றாரோ அவ்வளவுக்கே பின்னர் அவர் நடப்பதும் தம் தேவைகளைத் தாமே நிறைவேற்றிக்கொள்வதும் அமையும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனைத் தேயிலைத் தொழிலோடு வைத்து நோக்குதல் வேண்டும். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை, பூனாகலை ஆகிய பகுதிகளிற் கொழுந்து பறிப்பவள் நிற்குமிடம் சமதரையன்று. ஒரு கால் மேட்டில், மறுகால் கானோரத்தில். கூடைக்கயிறு தலையில் மாட்டப்பட்டு, பாரம் முதுகில் தொங்க, கழுத்து அதற்கு எதிராக முன்னே தள்ளி நிற்க, இரு கைகளும் ஒரேவேளையில் செடியின் மேற்பரப்பில் இயங்குகின்றன. கூடைக்குப் பதிலாகச் சாக்குப்பை வந்த தோட்டங்களிலும் உடலின் நிலை பெரிதும் மாறவில்லை. கைவிரலின் நுட்பம் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். தேயிலை விளம்பரங்கள் அதனையே படமாக்கி விற்றன. உண்மையில் அவ்விரல்களுக்குத் தளமாக இருப்பது இடுப்பும் முதுகுமே. நிமிர்ந்த நடையினாற் கை விடுபட்டது, விடுபட்ட கை உழைப்பினால் மனிதக் கையாயிற்று என 1876இல் ஏங்கல்ஸ் எழுதிய, அவர் மறைவுக்குப் பின் 1896இல் வெளிவந்த கட்டுரையின் கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. கொழுந்து பறிப்பவளின் உழைப்புச் சக்தி என்று பொருளியலார் குறிப்பது, உடலியலார் மொழியில் பெருமளவுக்குச் சமநிலையே. அதனை இழந்தவளுக்குப் பிரட்டுக்களத்திற் பேர் இல்லை. மலையகத்தில் நாட்கூலிக்குப் ‘பேர்’ என்றே வழக்கு. கூலியும் ஆளின் பெயரும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கை மொழியியலார் இன்னும் போதிய அளவு நோக்கவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

தோட்டத்து மருத்துவத்தின் வரலாறு இவ்வுழைப்புச் சக்தியைப் பேணிய வரலாறே. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தோர் வழியிலும் வந்த இடத்திலும் பெருந்தொகையாக மடிந்தனர். தொழிலாளர் பற்றாக்குறை அச்சமே 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னணியாயிற்று. அச்சட்டமும் 1912இன் திருத்திய சட்டமும், அதே ஆண்டு வந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் தோட்ட முகாமையின் கடமைகளை வகுத்தன. டிஸ்பென்சரி நடத்திய தோட்டங்களுக்குச் சலுகைகளும் வழங்கப்பட்டன. 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை நடத்தியது. வாந்திபேதி, மலேரியா, கொழுக்கிப்புழு ஆகிய மூன்றுக்கும் பொதுவான பண்பொன்று உண்டு. இவை தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக வேலையினின்று விலக்குபவை. ஆகவே கணக்கேட்டில் தெரிபவை. பாரிசவாதமோ ஒருவர் ஒருவராக, பெரும்பாலும் வயது சென்றோரைத் தாக்குவது. அவருக்குப் பதிலாள் வீட்டிலேயே இருந்தான். மகனோ மருமகளோ செக்குரோலில் ஏறிவிட்டால் துரையின் கணக்கில் இழப்பேதுமில்லை. காலனிய மருத்துவ அறிக்கைகளில் மிகுந்து காணப்படும் ‘பலவீனம்’ என்ற பொதுத் தலைப்புக்குள் இத்தகையோர் எத்தனை பேர் அடங்கினர் என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

இதே காலப்பகுதியில் வேறிடங்களில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்குதல் பயன்தரும்.

மூன்று களங்களை நாம் எடுத்துக்கொள்கின்றோம். முதலாவது இலண்டன். நாட்சிகளின் ஜேர்மனியிலிருந்து ஏதிலியாக வந்த உடற்பயிற்சி ஆசிரியை பெர்த்தா போபாத், 1940களில் பாரிசவாதமுற்ற உருவப்பட ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கையில், விறைத்த உறுப்பை இழுத்து நீட்டுவதைவிட உடலின் நிலையை மாற்றி விறைப்பைத் தளர்த்த முடியும் எனக் கண்டார். கணவரான மருத்துவர் கார்ல் போபாத்துடன் இணைந்து அவர் வளர்த்த முறை, 1970இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. போபாத் முறை ஏனைய முறைகளிலும் மேம்பட்டதெனப் பிற்கால ஆய்வுகளால் நிறுவ முடியவில்லை. எனினும் செயலற்ற பக்கத்தைக் கைவிட்டு நல்ல பக்கத்தை மட்டும் பழக்கிய பழைய போக்கை அவர்கள் உடைத்தனர் என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாவது ஐக்கிய அமெரிக்கா. அங்கே ஹென்றி கைஸர் என்னும் பெருமுதலாளியின் மகனுக்கு நரம்பு நோய் கண்டது. அவனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஹெர்மன் கபாத்தின் பெயரோடு தன் பெயரையும் இணைத்து 1940களின் பிற்பகுதியில் கைஸர் மறுவாழ்வு நிலையங்களை நிறுவினார். கலிபோர்ணியாவின் வலேஹோவில் கபாத்தும் மார்கிரட் நொட்டும் தம் பயிற்சி முறையைச் செம்மைப்படுத்தினர். முதலாளியின் புத்திரபாசத்தோடு கதை முடிந்திருப்பின் நமக்கு அதில் அக்கறையில்லை. அந்நிலையத்தின் கட்டில்களில் பெருந்தொகையாகக் கிடந்தோர் நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகெலும்பு முறிந்த தொழிலாளர்கள். 1946இல் வேலைநிறுத்தத்தின் மூலம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வென்றெடுத்த நலநிதியே, பல ஆண்டுகளாக வீடுகளிற் படுத்தபடுக்கையாய்க் கிடந்தோரைத் தேடியெடுத்து இரயிலில் ஏற்றி அனுப்பிற்று. மறுவாழ்வு மருத்துவம் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாகவும் இருந்தது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது சோவியத் நாடு. நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் 1920களில் மொஸ்கோவின் மத்தியத் தொழில் நிறுவனத்தில், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியின் அசைவுகளை ஒளிப்படச் சுருளிற் பதிந்து ஆராய்ந்தார். உழைப்பின் வேகத்தைக் கூட்டும் நோக்கிற் பிறந்த ஆய்வே அது. டெய்லரின் நிழல் அதன்மீது படிந்திருந்தது. ஆனால் அவர் கண்டது வேறு. கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்திலேயே விழுகின்றது. அவனது தோளும் முழங்கையும் ஒருமுறை சென்ற வழியில் மறுமுறை செல்வதில்லை. அசைவு என்பது மனனம் செய்த பாடமன்று. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்க்கப்படும் சிக்கல். 1947இல் வெளிவந்த அவரது பெருநூல் அடுத்த ஆண்டு ஸ்டாலின் பரிசு பெற்றது. விரைவிலேயே பவ்லோவின் கொள்கைக்கு மாறானவர் என்ற கண்டனத்துக்கு உள்ளாகி அவர் தம் ஆய்வுக்கூடத்தை இழந்தார். இதனை மறைத்து எழுதுவது மார்க்சியம் ஆகாது. யுத்தகாலத்தில் யூரல் பகுதியில் தலையிற் காயமுற்ற போர்வீரருக்கான மருத்துவமனையை நடத்திய அலெக்சாந்தர் லூரியா, சிதைந்த மூளை தன் எஞ்சிய பகுதிகளைப் புதுவகையில் ஒழுங்கமைத்து இழந்த தொழிலை மீட்கக்கூடும் என்பதை 1948இல் நூலாக்கினார்.

பேர்ன்ஸ்டைனின் நூல் 1967இல் ஆங்கிலத்தில் வந்தபின் அச்சிந்தனை மேற்கிலும் செல்வாக்குப் பெற்றது. அவுஸ்திரேலியரான ஜெனற் காரும் ரொபேட்டா ஷெப்பேட்டும் 1982இல் வெளியிட்ட நூல், நோயாளியை வெறுமனே கையாளப்படும் உடலாகக் கொள்ளாது, கற்கின்ற மனிதராகக் கொண்டது. பட்ரீஷியா டேவிஸ் 1990இல் உடலின் நடுப்பகுதிக்கென்றே தனிநூல் எழுதினார். 2004இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் வெர்ஹேடன் குழுவினர் அமைத்த அளவுகோல், உட்கார்ந்திருக்கையில் சமநிலை, அசைவு, ஒருங்கிணைவு ஆகியவற்றை 23 புள்ளிகளால் மதிப்பிடுகின்றது. 2011இல் கர்நாடகத்தில் கார்த்திக்பாபு குழுவினர், உருளும் பெரிய பந்தின்மீது அமர்ந்து செய்யும் பயிற்சி, அசையாப் பலகைமீது செய்வதிலும் கூடிய பயன் தருவதாகக் கண்டனர். 2023இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 68 சோதனைகளை, 2585 நோயாளரை உள்ளடக்கியது. நடுவுடற் பயிற்சி சமநிலையையும் நடையையும் மேம்படுத்துகின்றது என்பது அதன் முடிபு. ஆயின் சான்றுகளின் உறுதி பல இடங்களிற் குறைவானதே என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

இவற்றுள் எம் கவனத்தை மிகவும் ஈர்த்தது சிறியதோர் ஆய்வு. 1997இல் கதரின் டீனும் ஷெப்பேட்டும் சிட்னியில், பாரிசவாதம் கண்டு ஓராண்டுக்கு மேற்பட்ட 20 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் முதுகுசாயாது உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்துக்கும் அப்பால் வைக்கப்பட்ட பொருளை எட்டியெடுக்கப் பழகினர். திசையும் தூரமும் மாற்றப்பட்டன; செயலிழந்த காலைத் தரையில் ஊன்றிப் பாரத்தை அதன்மேற் செலுத்தச் செய்யப்பட்டது. இரண்டு வாரங்களிற் பத்துத் தடவைகள், அவ்வளவே. அவர்கள் முன்னிலும் தூரமாக, விரைவாக எட்டினர். செயலிழந்த காலும் பாரம் ஏற்கக் கற்றது. ‘ஆறு மாதம் போய்விட்டால் அவ்வளவுதான்’ என்று கைவிடும் வழக்கத்துக்கு இது மறுப்பு. மேலும், எட்டுதல் என்பது கொழுந்து பறிப்பவளுக்குப் புதிய செயலன்று. முப்பது ஆண்டுகள் அவள் செய்தது அதனையே. அவளது உடல் கற்ற கல்வியை அவளது மீட்புக்குக் கருவியாக்கலாம் என்பது எமது கருத்து. துறைசார்ந்தோர் இதனை ஆராய வேண்டும்.

பயிற்சிகள் தம்மளவில் எளியனவே. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து இடுப்பை உயர்த்தல், இருபுறமும் புரளல், உட்கார்ந்தபடி பாரத்தை ஒரு தொடையிலிருந்து மறுதொடைக்கு மாற்றல், முன்னே குனிந்து எழல், உட்கார்வதும் எழுவதுமாகப் பலமுறை செய்தல். எளிமை காரணமாகவே இவற்றை ஆளின்றி விட்டுவிடலாம் என எண்ணுதல் தவறு. முறையறியாது செயலற்ற கையைப் பிடித்து இழுப்பதால் தோள்மூட்டு நழுவுகின்றது. விரைந்து தொடங்குவதிலும் அளவு உண்டு. 2015இல் முடிபுகள் வெளிவந்த, 2104 பேர் பங்குகொண்ட பன்னாட்டுச் சோதனையொன்று, முதல் 24 மணிநேரத்துக்குள் அடிக்கடி படுக்கையைவிட்டு எழுப்பி உட்கார்த்தி நிறுத்தியமை நன்மையைக் குறைத்ததாகவே காட்டிற்று.

ஊவாவுக்குத் திரும்புவோம். ஐரோப்பிய அளவுகோல்கள் யாவும் முதுகில்லா இருக்கையையும் சமதரையையும் முன்னிறுத்தியவை. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவில் வாழ்க்கை நடப்பது நிலத்தில். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் நிலத்தில் அல்லது தாழ்ந்த பலகையில். மலசலகூடம் வெளியே, படியிறங்கிச் செல்லவேண்டியது, அங்கே குந்தவேண்டும். மருத்துவமனையில் நாற்காலியிலிருந்து எழக் கற்றுத் தேறியவர் எனக் குறிக்கப்பட்டு அனுப்பப்படுபவர், வீட்டுக்கு வந்ததும் மீண்டும் இயலாதவராகின்றார். அவர் பயின்ற செயலுக்கு அவ்வீட்டில் இடமில்லை. குந்தியெழுதலும், நிலத்திலிருந்து பிடிப்பின்றி எழுதலும், சரிவில் நிற்றலும் சேராத பயிற்சி மலையகத் தொழிலாளிக்கு அரைப் பயிற்சியே.

தூரம் அடுத்த தடை. புகையிரதம் 1924இல் பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்க அது போதுமாயிருந்தது. மேல்மலை லயமொன்றிலிருந்து நோயாளி பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு இறங்குவது கொழுந்து லொறியில். அதுவும் லொறி கிடைக்கும் வேளையில். அடைப்பினால் வரும் பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறத்தாழ நாலரை மணிநேரத்துக்குள் ஏற்றவேண்டும் என்ற விதியை இத்தூரத்தோடு வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். உயிர்தப்பி வீடு திரும்பியபின் வாரந்தோறும் இயன்மருத்துவப் பிரிவுக்கு வருவதென்றால், நோயாளியோடு ஒருவர் துணைவர வேண்டும். முச்சக்கரவண்டிக் கூலியோடு இருவரின் பேரும் போகும். இரண்டாம் மூன்றாம் தடவையோடு வரவு நின்றுவிடுகின்றது. இதனை மக்களின் அக்கறையின்மை என்று எழுதிவிடும் உத்தியோகத்தர்கள் அன்றைய கூலிக் கணக்கையும் உடன் எழுதுவாராயின் நன்று.

நிறுவன மாற்றங்களைச் சுருங்கக் கூறலாம். 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தின் வழி தோட்டங்கள் அரசுடைமையாயின. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறிய காலமும் அதுவே. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் ஒழுங்கின்றி நடைபெற்றது. நாட்டின் ஏனைய குடிமக்களுக்கு இலவசமாகவும் நேரடியாகவும் கிட்டிய அரச சுகாதாரசேவை, தோட்ட மக்களுக்கு மட்டும் முதலாளியின் வாசல்வழியே வந்தது என்பதுதான் இந்நீண்ட கதையின் சாரம். டிஸ்பென்சரியில் தோட்ட வைத்திய உதவியாளர் உண்டு, பிள்ளைக் காம்பராவில் ஆயாவும் உண்டு. பிள்ளையைப் பார்க்க ஆளிருந்தால் தாய் மலைக்குப் போவாள். பாரிசவாதக்காரரை உட்காரப் பழக்க ஒருவரை அமர்த்துவதால் எவரும் கூடுதலாகக் கொழுந்து பறிக்கப் போவதில்லை.

இவ்விடைவெளியைக் குடும்பமே நிரப்பட்டும் என்ற யோசனை இன்று பரவலாக முன்வைக்கப்படுகின்றது. மேற்பார்வைக்கு இது மக்கள் சார்பானதாகத் தோன்றும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரை உள்ளடக்கி நடத்தப்பட்டு 2017இல் முடிபு வெளியான ஆய்வு, குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து வீட்டிலேயே மறுவாழ்வு நடத்துவதை வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்டது. ஆறு மாதங்களின் பின் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலோ வேறுபாடு காணப்படவில்லை. குடும்பம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. பயிற்சி பெற்றவரின் தொடர்ந்த உழைப்பு வேண்டிய இடத்தில் அன்பை மட்டும் பதிலீடு செய்ய முடியாது என்பதே நாம் கொள்ளும் பொருள். அத்துடன் ‘குடும்பம்’ என்று இங்கு சுட்டப்படுபவள் யார் என்பதையும் கேட்கவேண்டும். விடிய நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, மலைக்குப்போய் 18 கிலோ நிறுவை காட்டி, இருளில் திரும்பும் மருமகளே அவள். கூலியில்லா உழைப்பின் மீது இன்னுமொரு கூலியில்லா உழைப்பை ஏற்றுவதற்கு மறுவாழ்வு என்று பெயரிடுவது பொருந்துமா?

சட்டத்தின் நிலையும் குறிப்பிடத்தக்கது. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது விபத்தால் நேரும் காயத்துக்கு ஈடு வழங்கும். மலைச்சரிவில் கூடையோடு வீழ்ந்தாலும், பாரிசவாதத்தை வேலையால் விளைந்த காயமென நிறுவுதல் எளிதன்று. 1958இன் ஊழியர் சேமலாப நிதியை நிரந்தர இயலாமையைக் காட்டி முன்கூட்டியே பெறலாம். 1983இன் பணிக்கொடைச் சட்டமும் உண்டு. கையில் வரும் அத்தொகை பெரும்பாலும் எண்ணெய்க்கும் வைத்தியருக்கும் கழிப்புக்கும் நேர்த்திக்கும் கரைந்துவிடுகின்றது. இயன்மருத்துவருக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை, அவர் அங்கு இல்லை ஆதலால்.

தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் நாட்சம்பளம் முதலிடம் பெறுவது இயல்பே. வலேஹோவுக்குச் சுரங்கத் தொழிலாளரை அனுப்பிய சங்கமும் கூலிக்காகவே போராடிற்று. ஆயின் வெட்டியெடுக்கப்படும் ஒவ்வொரு தொன் நிலக்கரியின் மீதும் ஒரு சிறு தொகையை நலநிதிக்கென விதிக்கச் செய்தது. நிறுத்தெடுக்கப்படும் ஒவ்வொரு கிலோ கொழுந்தின் மீதும் அவ்வாறு ஒரு சதம் விதிக்கப்படின், பசறை முதல் அப்புத்தளை வரை லயந்தோறும் சென்றுவரும் இயன்மருத்துவர் எத்தனை பேரை அமர்த்தலாம் என்பது கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் போட்டுவிடக்கூடிய கணக்கு.